38ஐ 88 ஆக்கிய பிள்ளைக்கு

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வயது 18. சாதாரண தரத்தில் 7 ஏ, 2 பி எடுத்தேன். அன்று தொடக்கம் அம்மா அயலுக்கு என்னை டொக்டர் என்றுதான் சொல்லி வருகிறார். 1996இல் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் உயர்தரப் படிப்பு பாதியில் நின்றுபோனது. அப்பாவின் காலில் செல் துண்டு இருக்கிறது, முன்போல வயலில் இறங்க முடியாது. அம்மா காப்பை அடகு வைத்து யாழ்ப்பாணத்து வகுப்புக்குக் காசு கட்டுகிறார். மீதியைச் சுவிஸிலுள்ள மாமா அனுப்புகிறார், ஞாயிறு தோறும் புள்ளி கேட்கிறார். சென்ற தவணையில் உயிரியல் 62, பௌதிகவியல் 45, இரசாயனவியல் 38. அன்று இரவு 38இன் மூன்றை எட்டாக்கினேன். மொத்தம் 145ஐ 195 ஆக்கினேன். சராசரியை மாற்ற மறந்துவிட்டேன். அம்மா அறிக்கையை நெடுநேரம் பார்த்தார். “சரிதானே?” என்று கேட்டார். பிறகு கையெழுத்து வைத்தார். இப்போது அதை வகுப்பாசிரியரிடம் கொடுக்க முடியவில்லை. மறந்துவிட்டேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். இரவு ஒரு மணி வரை அம்மா பக்கத்தில் பாயில் விழித்திருப்பார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒன்றும் ஏறாது. சில இரவுகளில் விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய?

பதில்:

அன்பான பிள்ளை,

கடைசியில் எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். புள்ளியும் அறிக்கையும் காத்திருக்கட்டும்.

“விடியாமலே இருந்தால் நல்லது” என்று எழுதியிருக்கிறீர்கள். களைத்துப்போன பிள்ளைகள் பலர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதையும் நான் சும்மா பேச்சு என்று தட்டிக்கழித்ததில்லை. அந்த எண்ணம் வருகிற இரவில் தனியாக இருக்காதீர்கள். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல முடியாவிட்டால் அப்பாவை எழுப்புங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு, இரவிலும் ஆள் இருப்பார்கள். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்குப் பைத்தியம் என்று அயல் பேசும் என்ற பயம் எனக்குத் தெரியும். அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நித்திரை வராதவர்கள், அவ்வளவுதான். சாவதைப் பற்றிய எண்ணம் தெளிவாகவோ திட்டமாகவோ வந்தால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கவும் வேண்டாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி அறிக்கைக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து நானும் கணக்குப் பார்த்தேன். 62, 45, 38. கூட்டினால் 145, மூன்றால் வகுத்தால் 48.33. நீங்கள் மாற்றியதன்படி மொத்தம் 195. அப்படியானால் சராசரி 65 வரவேண்டும். தாளில் 48.33 என்று அப்படியே இருக்கிறது. அம்மா சராசரியைக் கவனிக்கவில்லை என்று நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உயர்தரம் வரை போன பெண், காப்பை அடகு வைத்தவர். எந்த மாதம் எவ்வளவு வட்டி என்று மனக்கணக்காகவே வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு “சரிதானே?” என்று ஏன் கேட்டார்?

அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும், நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கலாம். நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுவது போல, ஒன்றும் அறியாத அம்மாவின் தலையில் இடி இறக்கப்போகிறோம் என்ற கணக்கு பிழையாக இருக்க இடமுண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் வாய் கொஞ்சம் இலகுவாகத் திறக்கும்.

எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். முதலில், எப்போது சொல்லக் கூடாது என்று பாருங்கள். இரவு பதினொன்றுக்குப் பிறகு கூடாது, இரண்டு பேருக்கும் நித்திரை மயக்கம். மாமாவின் அழைப்பு வருகிற ஞாயிறு மாலை கூடாது. பெரியம்மா வீட்டில் நிற்கும்போது கூடவே கூடாது. கை வேலையாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். உங்கள் பக்கம் கச்சான் விளைகிற மண். இரண்டு பேரும் முற்றத்தில் சாக்கை விரித்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கச்சான் கோதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். என்னிடம் வந்த பிள்ளைகள் பெரிய விடயங்களை வீட்டில் சொன்ன இடங்களைக் கேட்டால் கிணற்றடி, அடுப்படி, மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை என்பார்கள். மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சொன்னதாக ஒருவரும் சொன்னதில்லை. (நான் மட்டும் அலுவலகத்தில் மேசைக்கு எதிரே உட்காரவைத்துத்தான் பிள்ளைகளைக் கேட்கிறேன். அதை மாற்ற வேண்டும்.)

முதல் வசனத்திலேயே இலக்கம் வரட்டும். “அம்மா, இரசாயனவியலில் எனக்கு வந்தது 38. நான் அதை 88 ஆக்கிவிட்டேன்.” அங்கே நிறுத்துங்கள். ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன், ஆசிரியர் சரியாகப் படிப்பிக்கவில்லை என்றெல்லாம் அந்த இடத்தில் தொடர வேண்டாம். விளக்கம் முதலில் வந்தால் கேட்கிறவருக்கு அது சாட்டாகத்தான் படும். அம்மா ஏசலாம், அழலாம். “உனக்காகத்தானே இவ்வளவும்” என்று சொல்லக்கூடும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. “தெரியும் அம்மா” போதும். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனால் பின்னால் போகாதீர்கள், கச்சானை உடைத்து முடியுங்கள். கை நீட்டுகிற வீடாக இருந்தால் மட்டும் தனியே சொல்ல வேண்டாம். அப்பாவோ மாமியோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள்.

அப்பாவைப் பற்றிச் செல் துண்டைத் தவிர ஒரு வரியும் எழுதவில்லை. பேசாத அப்பாக்கள் எங்கள் பக்கம் அதிகம். உழைக்க முடியாமல் போனவர் தன் மனைவி காப்பு அடகு வைத்த விடயத்தில் வாய் திறப்பது கடினம். ஆனால் அவரிடம் முதல் நாளே, “அம்மாவிடம் ஒன்று சொல்லப் போகிறேன், நீங்கள் வீட்டில் நில்லுங்கள் அப்பா” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நிற்பார்.

வகுப்பாசிரியர் விடயம் இலகு. அம்மாவிடம் சொன்ன மறுநாள் அறிக்கையைக் கொண்டுபோய் நடந்ததைச் சொல்லுங்கள். வகுப்பில் வேண்டாம், இடைவேளையில். தவணை அறிக்கையில் பேனா வைத்த முதல் பிள்ளை நீங்கள் இல்லை. மூன்றை எட்டாக்குவதும் நான்கை ஒன்பதாக்குவதும் ஆசிரியர்களுக்குப் பழைய வித்தை. கண்டிப்பார், புதிய அறிக்கை எழுதித் தருவார். கிழித்தோ தொலைத்தோ விடாதீர்கள், அதோடு அடுத்த பொய் தொடங்கும்.

இனி நான் கொஞ்சம் சுற்றிப் போகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உத்தரவுப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் பொலித்தீனில் சுற்றி ஒரு பைக்குள். 2009இல் இறுதிப் போரின்போது மாட்டையும் நெல்லையும் கதவு நிலையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தப் பையை விடவில்லை. பங்கருக்குள் தலையணையாக வைத்திருந்தார்கள், நந்திக்கடல் தண்ணீரில் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எனக்கு முன்னால் ஒரு தாய் அந்தப் பையைத் திறந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மகனின் சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள் ஓரத்தில் நனைந்து நீல மை பரவியிருந்தது. அதை விரித்து, மடியில் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கினார். வெளியே தண்ணீருக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் எழும்பவில்லை.

உங்கள் அம்மா அந்தத் தலைமுறை. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய உங்கள் வயது இருந்திருக்கும். பொருளாதாரத் தடைக்காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள். மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது. வீடு போனது, காணி போனது, நகை போனது, மிஞ்சியது படித்தவன் தலைக்குள் இருந்தது மட்டும்தான் என்பதை அவர் கண்ணால் கண்டவர். படிப்பில் அவர் காட்டுகிற பிடிவாதத்தை அயலுக்குப் பெருமை காட்டுகிற ஆசை என்று மட்டும் எடுக்காதீர்கள். அந்த ஆசையும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்குக் கீழே இருப்பது பயம்.

இதை நான் சொல்வது, அம்மா பாவம், ஆகவே நீங்கள் அடங்கிப்போங்கள் என்பதற்காக இல்லை. 1996இல் நின்றுபோன படிப்பை முடித்துக் கொடுக்கும் கடன் உங்கள் தலையில் இல்லை. காப்பு மீட்கிற கடனும் உங்கள் தலையில் இல்லை, அது பெரியவர்கள் எடுத்த முடிவு. ஆனால் பயந்த ஆளோடு கதைப்பதற்கும் பேராசைக்காரரோடு கதைப்பதற்கும் வேறு வேறு முறை. பயந்தவருக்கு விவரம் கொடுத்தால் பயம் தணியும். அந்த விவரத்தைத்தான் நீங்கள் இனிக் கொடுக்க வேண்டும்.

முதல் விவரம், டொக்டர். ஒளிக்காமல் சொல்கிறேன்: 62, 45, 38 என்ற நிலையிலிருந்து இந்தத் தடவையே மருத்துவ பீடம் போவது மிகவும் கடினம். அதே நேரம் தவணைப் புள்ளியை வைத்து முடிவெடுக்கவும் முடியாது. உயர்தரத்தில் பார்ப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து, அதை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. கடினமான வினாத்தாளில் எல்லோருக்கும் புள்ளி குறைந்தால் உங்கள் 50 நல்ல 50 ஆகிவிடும். பள்ளிக்கூடத் தாளில் வந்த 38 நாடு முழுவதிலும் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் இருக்கின்றன. ஆகவே கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ உள்ள வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளியை) உங்களுக்கு முன்னால் நீட்டுகிறவர் வேறு ஒருவருடைய கணக்கைக் காட்டுகிறார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளிகளை வெளியிடுகிறது. கடைசி வருடத்து அட்டவணையில் கிளிநொச்சி வரிசையை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுங்கள். உயிரியல் பிரிவில் போகக்கூடிய கற்கைநெறிகள் எல்லாவற்றையும் இடப்பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். மருத்துவத்துக்குக் கீழே பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், சித்த மருத்துவம், விவசாயம் என்று அது நீண்டுகொண்டு போவதை அம்மா தன் கண்ணால் பார்க்கட்டும். உயிரியல் படித்தால் டொக்டர், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்பது அவர் படித்த காலத்துப் படம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உங்கள் மாவட்டத்திலேயே, அறிவியல் நகரில் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, பம்பைமடுவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பதையும் தாளின் அடியில் எழுதுங்கள். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் பயத்தில் இருப்பவருக்கு எழுத்தில் காட்ட வேண்டும்.

உங்களுக்கு டொக்டராக விருப்பமா என்று கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. விருப்பமில்லை என்றும் இல்லை. இப்போதே முடிவெடுக்க வேண்டாம். ஆனால் உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, அந்த 38. அதற்குள் என்ன இருக்கிறது? வினாத்தாளைத் திருப்பி எடுங்கள். பல்தேர்வில் எவ்வளவு போனது, கட்டுரையில் எவ்வளவு, எந்த அலகில் என்று பிரியுங்கள். “இரசாயனவியல் வராது” என்பதற்கும் “சமநிலைக் கணக்கும் சேதன இரசாயனமும் வராது” என்பதற்கும் பெரிய வித்தியாசம். பின்னதை ஆசிரியரிடம் கொண்டுபோகலாம். என் அனுபவத்தில் 38 வாங்கிய தாள்களில் பாதி, படிக்காததால் விழுந்ததில்லை. ஒரே அலகைப் பள்ளிக்கூடத்தில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கைத்தொலைபேசியில் இன்னொருவர் என்று மூன்று முறையில் கேட்டுக் கேட்டுத் தானாக ஒரு கணக்கும் செய்து பார்க்காததால் விழுந்தவை. யாழ்ப்பாணத்து வகுப்புக்குப் பஸ்ஸில் போக வர எப்படியும் நான்கு மணித்தியாலம். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு வகுப்புக்கு மேல். ஒரு மாதம் மட்டும் ஒரு வகுப்பைக் குறைத்துப் பார்ப்போம் என்று அம்மாவிடம் கேளுங்கள். மிச்சமாகும் காசு காப்பின் வட்டிக்குப் போகும் என்பதையும் சொல்லுங்கள்.

தனியார் வகுப்புகளைப் பற்றி எனக்கு ஒரு கடுப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. பெறுபேறு வந்த கிழமையில் சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகிறார்கள். 3 ஏ எடுத்த பிள்ளையின் முகம் ஆளுயரத்துக்கு. அதே வகுப்பில் அதே கட்டணம் கட்டி மூன்று எஸ் (வெறும் சித்தி) எடுத்த எழுபது பேருக்கு எந்தச் சந்தியிலும் பதாகை இல்லை. உங்கள் அம்மா சந்தைக்குப் போகும் வழியெல்லாம் அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்.

மூன்றாவது, இரவு. ஒரு மணி வரை விழித்திருப்பது படிப்பில் சேராது. படித்தது மனதில் இறுகுவது நித்திரையில்தான். பத்தரைக்கு விளக்கை அணைத்து, விடிய நான்கரைக்கு எழும்புங்கள். ஆனால் அம்மாவை “நீங்கள் போய்ப் படுங்கள்” என்று விரட்டாதீர்கள். காவலிருப்பது அவர் தன் பங்குக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம் என்று நினைக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கொப்பியை அவர் கையில் கொடுத்து, கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் பதில் சொல்லுங்கள். சொல்ல வராத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படிச் சொல்லிப் பார்ப்பதுதான் நிற்கும். பாயில் தூங்கி விழுந்துகொண்டிருந்தவருக்கு, உங்களுக்கு என்ன தெரியும், எங்கே இடறுகிறது என்பது ஒவ்வோர் இரவும் நேரே தெரியவரும். பிறகு தவணை அறிக்கை அவருக்குப் புதினமாக இராது.

மாமாவுக்கு நீங்களே ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். “மாமா, நீங்கள் அனுப்பும் காசு வீணாகப் போகவில்லை. தவணைப் புள்ளியை இனி அம்மாவிடம் கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள், உள்ளதைச் சொல்கிறேன்.” ஞாயிறு மாலைகளில் அம்மா தன் அண்ணனுக்கோ தம்பிக்கோ என்ன பதில் சொல்வதென்று படுகிற பாடு இதோடு பாதியாகும். உங்கள் மேல் விழுகிற நெருக்குதலில் எவ்வளவு சுவிஸிலிருந்து வருகிறது என்பது அப்போது தெரியும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 1996இல் அம்மாவின் உயர்தரம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்தப் பிரிவில் படித்தார் என்று எழுதவில்லை. அம்மாவே சொல்லவில்லையா, நீங்கள்தான் கேட்கவில்லையா? 38ஐச் சொல்லி, ஏச்சும் அழுகையும் ஓய்ந்து, மறுபடியும் கச்சான் சாக்குக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்காருகிற ஒரு நாளில் அதைக் கேளுங்கள். எனக்கு எழுதும்போது அந்தப் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.